சென்னைப் பேச்சை ஒலிக்குறியில் எழுதுவது: காதில் விழுவதையா, எழுத்தில் இருப்பதையா?

ராயபுரம் தேவி

வணக்கம். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துப் பேச்சைப் பதிவு பண்ணி ஒலிக்குறியில் எழுதும் வேலை தொடங்கியிருக்கோம். 20, 30 நொடித் துணுக்குகள், இதுவரைக்கும் 40. ரெண்டு பேர் தனித்தனியா எழுதுறோம். ஒரே துணுக்குக்கு ஒருத்தர் ‘பழம்’, இன்னொருத்தர் ‘பளம்’.

மூணு கேள்வி. எந்தக் கருவியில் எப்படிப் பதிவு செய்யணும்? தமிழ் எழுத்திலேயே எழுதலாமா, சர்வதேச ஒலிக்குறி முறையான ஐபிஏ குறியீடு கட்டாயமா? ரெண்டு பேருக்கு ரெண்டு மாதிரி கேட்டா யார் சொல்றது சரின்னு எப்படி முடிவு பண்றது?

செவிச்செல்வன்

தேவி, மத்த ரெண்டு கேள்வியும் மூணாவதுலதான் தொங்குது. அதனால அங்கிருந்தே வர்றேன்.

தமிழ் எழுத்து ஒலியனை, அதாவது சொல்லோட பொருளை மாத்தற ஒலியை மட்டும் எழுதுற எழுத்து. ‘க’வை எடுத்துக்குங்க. கல், பக்கம், தங்கம், மகன். ‘கல்’லில் குரல்நாண் அதிராத அடைப்பொலி, காத்தை முழுசா அடைச்சுத் திறக்கற ஒலி. ‘பக்கம்’ அதுவேதான், ஆனா அடைப்பு நீளுது. ‘தங்கம்’ல மூக்கொலி முன்னாடி இருக்கறதால அதிர்வு வந்துடுது. ‘மகன்’ல அடைப்பே முழுசா நடக்கறதில்ல; பின்நாக்கு மெல்லண்ணத்தை நெருங்குது, காத்து உரசிட்டுப் போயிடுது, சென்னையில பல பேர் வாயில அது ‘ஹ’வாவே விழுது. எந்த இடத்துல எது வரும்னு முன்கூட்டியே தெரியறதால எழுத்துக்கு ஒரே வடிவம் போதும். துணைநிலை வழக்குன்னு சொல்றது இதைத்தான்.

ட, த, ப மூணுக்கும் இதே கணக்கு. ‘வீடு’வில் வர்ற ட அடைப்பொலி இல்ல, நாக்கு நுனி மேல ஒரு அடி அடிச்சு இறங்குற வருடொலி. ‘அது’வில் வர்ற த பல்லுக்கிட்ட நெகிழ்ந்து ஓடுது. ச மட்டும் தனி வழி: ‘சோறு’, ‘பசி’ ரெண்டுலயும் ஸ், ‘பச்சை’யில ச்ச், ‘பஞ்சு’வில ஜ. ‘சென்னை’ன்னு சொல்றப்ப மட்டும் பலரும் அழுத்தி ‘ச்’ போடுறாங்க, அதை அப்படியே குறிக்கணும்.

எழுத்தறிஞ்சவங்களுக்கு ஆபத்து இங்கதான். கண்ணுக்குப் பழகின வடிவத்தைக் காது கேட்டதா மனசு நம்பிடும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒலிதான் காதுல விழுந்திருக்கும். ஒருத்தர் எழுத்தை எழுதியிருக்கார், இன்னொருத்தர் ஒலியை எழுதப் பார்த்திருக்கார். அதனால எழுதுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, நீங்க எழுதப்போறது பரந்த எழுத்தா, நுண் எழுத்தா? பரந்தது ஒலியனை மட்டும் காட்டும், ரெண்டு சாய்கோட்டுக்கு நடுவுல எழுதுவாங்க. நுண் எழுத்து வாயில உண்மையா நடந்ததைக் காட்டும், அதுக்குச் சதுர அடைப்பு. ஒரே வரியில ரெண்டையும் கலந்தா அந்த வரி எதுக்கும் பயன்படாது.

கடன்சொல்லைத் தனியா கவனிங்க. ‘பாவம்’னு எழுதினா தீவினையும் அதுதான், நடனத்துல முகத்துல காட்டுறதும் அதுதான். முதல்ல வர்ற ஒலி ஒண்ணுல அதிராது, இன்னொண்ணுல அதிரும். குடிக்கற ‘பால்’ அதிராது; பந்துங்கற ஆங்கில ‘பால்’, ‘பஸ்’ அதிரும். ‘குண்டு’, ‘டப்பா’ எல்லாம் முதல் ஒலியே அதிர்ந்துதான் வருது. ‘தோசை’ ஆளுக்கு ஆள் மாறும். துணைநிலை வழக்கு இங்க உடையுது. அதனால சென்னைப் பேச்சுக்குப் பரந்த எழுத்து எழுதினாலும் அதிர்வுள்ளதுக்கும் இல்லாததுக்கும் வேற வேற குறி வேணும்.

அல்லிக்கேணி

அப்போ ஐபிஏ எதுக்கு? ப-வுக்கு மேல ஒரு புள்ளி, க-வுக்குக் கீழ ஒரு கோடு போட்டுத் தமிழ்லயே நுண்மையா எழுதிடலாமே. படிக்கறவங்களும் தமிழ் ஆளுங்கதானே.

செவிச்செல்வன்

எழுதலாம், தப்பே இல்ல. களத்துல அவசரமா குறிப்பு எடுக்க அதுதான் வசதி. ஆனா அந்தப் புள்ளிக்கு என்ன பொருள்னு நீங்க வச்ச ஏட்டுலதான் இருக்கும். ஏடு தொலைஞ்சா வேலையும் போச்சு. தெலுங்கு, உருதுப் பதிவோட ஒப்பிடவும் முடியாது. வடசென்னையில மூணும் ஒரே தெருவுல கேக்கும்.

ஐபிஏ நடத்துற சங்கம் 1886-ல பாரிஸ்ல தொடங்கினது. ஒரு ஒலிக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஒரு ஒலிங்கறதுதான் அடிப்படை. 1989-ல கீல் நகர மாநாட்டுல அட்டவணையைப் பெருசா ஒழுங்குபடுத்தினாங்க, இப்போ புழங்கறது 2020 பதிப்பு. அந்த ஒரு தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டா உலகத்துல யாரும் உங்க எழுத்தைத் திருப்பி வாய்ல சொல்லிப் பார்க்கலாம்.

மடங்குநா

குறியீடுகளை இங்கே தட்டினால் பாதிப் பேர் கைபேசியில் வெறும் பெட்டியாகத் தெரிகிறது. ஆகவே வடிவத்தைச் சொற்களில் சொல்கிறேன். கையால் எழுதிப் பழக அதுவே நல்லது.

நாக்கு மேலே மடங்கிப் பிறக்கும் நாமடி ஒலிகளான ட, ண, ள நான்கு குறிகளைக் கேட்கும்: அதிராத ட, அதிரும் ட, ண, ள. ‘டேபிள்’, ‘டோர்’, ‘நெட்’, ‘லாரி’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சிறிய வடிவில் எழுதி, காலின் அடியை வலப்பக்கம் வளைத்து வால் விடுங்கள். நாமடி என்றாலே வலப்பக்க வால். ‘வீடு’வின் வருடொலிக்கு ‘ரோடு’வின் முதல் எழுத்தை எழுதி அதே வலப்பக்க வால். ழ-வுக்கு அந்த எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிறகு வால். சாதாரண ர-வுக்கு, அதே எழுத்தின் தலைக் கொடுக்கை நீக்கி, தூண்டில் முள்ளைக் கவிழ்த்தது போல ஒரே வளைவாக எழுத வேண்டும்.

மிக அதிகமாகக் குழம்புவது மூன்று மூக்கொலிகளில்தான். ‘நெட்’டின் முதல் எழுத்துக்கு இரண்டு கால்கள். இடக்கால் இடப்பக்கம் வளைந்தால் ஞ. வலக்கால் உள்நோக்கி இடப்பக்கம் வளைந்தால் ங. வலக்கால் வெளிநோக்கி வலப்பக்கம் வளைந்தால் ண. கையெழுத்தில் வால் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ‘தங்கம்’ ‘தண்கம்’ ஆகிவிடும்.

ந, த இரண்டும் பல்லொலிகள். எழுத்துக்கு அடியில், இரண்டு காலும் கீழ்நோக்கிய கவிழ்த்த பெட்டி போன்ற சிறு குறி போட வேண்டும். இதை விட்டால் ந-வும் ன-வும் ஒன்றாகிவிடும்.

நெடிலுக்கு முக்காற்புள்ளி போடுகிறார்கள். அது தவறு. சரியான குறி, முனை ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு சிறு முக்கோணங்கள். கணினியில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். தேடும்போது பாதி நெடில்கள் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுவே. மூக்கு வழியாகவும் காற்று போகும் உயிரான மூக்குயிரின் மேல் போடும் அலைக்கோட்டிலும் இதே சிக்கல். உயிரும் அலையும் சேர்ந்து ஒரே எழுத்தாகவும் இருக்கும், தனித்தனி இரண்டாகவும் இருக்கும். பார்வைக்கு ஒன்று போலவே தெரியும், தேடலில் சிக்காது. கோப்பு முழுவதையும் ஒரே ஒருங்குறி (யூனிகோட்) இயல்பு வடிவத்துக்கு மாற்றிய பிறகே எண்ணத் தொடங்குங்கள். எழுத்துரு டௌலோஸ் எஸ்ஐஎல் அல்லது சாரிஸ் எஸ்ஐஎல். இரண்டும் இலவசம், அடிக்குறியும் மேல்குறியும் இடம் பிசகாமல் உட்காரும்.

பதிவறை

கருவி பத்தி நான் சொல்றேன். வேவ் கோப்பு, ஒற்றைத் தடம், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட். இதுக்குக் கீழ வேணாம். மாதிரி வீதத்துல பாதி வரைக்கும்தான் அதிர்வெண் பதிவாகும். ‘ஸ்’ஸோட ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கு. பழைய தொலைபேசித் தடம் 300-லேர்ந்து 3,400 வரைக்கும்தான் விடும், அதனாலதான் போன்ல ‘ஸ்’ஸும் ‘ஃப்’பும் குழம்புது. வாட்ஸ்அப் குரல்செய்தியும் சுருக்கின கோப்புதான். சொல் என்னன்னு தெரிஞ்சுக்க அது போதும், நுண் எழுத்துக்கு ஆகாது.

மைக் வாயிலேர்ந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாம உதட்டோரத்துல சாய்ச்சு வைங்க. நேரே வச்சா ‘ப’வோட காத்து மைக்ல மோதி ‘டப்’னு விழும், அதை அதிர்வுன்னு தப்பா படிச்சுடுவீங்க. காசிமேட்டுல கடல்காத்து இருக்கு, பஞ்சு உறை இல்லாம பதிவு செய்யவே கூடாது. ஒலி மட்டம் உச்சத்துல மைனஸ் 12-லேர்ந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள நிக்கணும். மீன் ஏலத்துல குரல் திடீர்னு ஏறும். அலையோட தலை வெட்டுப்பட்டா திரும்ப வராது. தானா மட்டத்தை ஏத்தி இறக்குற வசதியை அணைச்சுடுங்க, அது மௌனத்துல இரைச்சலைத் தூக்கிக் காட்டும்.

வீட்டுக்குள்ள பதிவுன்னா ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூணையும் நிறுத்தணும். மே மாசத்துல ஒரு ஆளை ஃபேன் இல்லாம உக்கார வைக்கறது பாவம். ரெண்டு ரெண்டு நிமிஷமா எடுங்க, நடுவுல ஃபேனைப் போட்டு மோர் கொடுங்க. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோட மடங்கு 100-லயும் 150-லயும் ரீங்காரம் விழும். ஆண்குரலோட சுருதி 100 பக்கம் இருக்கறதால, மென்பொருள் அந்த ரீங்காரத்தையே குரல்னு எடுத்துக்கிட்டு நேர்கோடு போடும். பேச்சு நின்ன இடத்துலயும் சுருதிக்கோடு 100-ல நேரா ஓடினா அது மின்சாரம்.

பதிவுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும், எதுக்குன்னு சொல்லணும். கோப்புப் பெயர்ல ஆள் பெயர் வேணாம், எண் போதும்.

ராயபுரம் தேவி

ரொம்ப நன்றி. செல்வன் சார், ஒரு வரியை வச்சுக் காட்ட முடியுமா? ஆட்டோவில் வந்த ஒரு அம்மா சொன்னது. தமிழ் எழுத்தில் நான் எழுதியது இது:

“தம்பி, அந்த மரத்தாண்ட நிறுத்துப்பா, பழம் வாங்கினு வரேன்.”

செவிச்செல்வன்

நல்ல வரி. சொல் சொல்லா போவோம்.

தம்பி: முதல் ஒலி பல்லுல பட்ட, அதிராத த. உதட்டுக்கு முன்னாடி ஒரு துண்டு டிஷ்யூ தாளைப் பிடிச்சுக்கிட்டு ‘பால்’னு சொல்லிப் பாருங்க, தாள் அசையாத அளவுதான் காத்து. ஆங்கிலக்காரர் ‘பின்’னு சொன்னா தாள் பறக்கும். நம்ம வல்லினத்துல மூச்சு இல்ல, அதனால மூச்சுக்குறி போடாதீங்க. ‘ம்பி’யில ப அதிருது.

அந்த: ந் பல்லொலி, த பல்லொலி, அதிருது. கடைசி அ வாய் முழுசா திறக்காம நடுவுல நிக்கிற தளர்ந்த உயிர். முதல் அ-வுக்குப் போட்ட குறியையே இதுக்கும் போடாம கேட்டு எழுதுங்க.

மரத்தாண்ட: ர ஒரே தட்டு, கவிழ்த்த தூண்டில் முள். ‘த்த’ நீண்ட அடைப்பு, அதிர்வில்ல. ‘ண்ட’ ரெண்டும் நாமடி, அதிருது.

நிறுத்துப்பா: எழுத்துல ற, வாயில ர. கரி, கறி ரெண்டையும் சென்னையில பெரும்பாலானவங்க ஒரே மாதிரிதான் சொல்றாங்க. ‘ற்ற’ இன்னொரு வழியில போகுது: நேற்று ‘நேத்து’, காற்று ‘காத்து’. இந்தச் சொல்லுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ‘று’வோட உகரம் உண்மையிலேயே இருக்கா? ஒலியை ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுவோம். ‘த்து’வுல வர்ற உகரம் உதடு குவியாத உகரம், ‘மதர்’ சொல்லோட முதல் எழுத்தைத் தலைகீழா கவிழ்த்தா அந்தக் குறி. ‘பசு’, ‘குரு’ மாதிரி சொல்லுல உதடு குவியும், இங்க குவியாது. கண்ணாடி முன்னாடி ‘பாட்டு’, ‘பசு’ ரெண்டையும் சொல்லிப் பார்த்தா போதும். தமிழ் எழுத்துல ரெண்டும் ஒரே கொக்கி.

பழம்: ழ விஷயம் பின்னாடி. கடைசி ‘ம்’முக்கு உதடு மூடுதா? மூடாது. உயிரே மூக்கு வழியா போகுது, உதடு கொஞ்சம் குவிஞ்சு ‘ஒ’ பக்கம் சாயுது. சொல்லிக்கிட்டே மூக்கைப் பொத்துங்க. உயிரோட நடுவுல குரல் மாறினா அது மூக்குயிர். ஒ குறி போட்டு மேல அலைக்கோடு. ‘அவன்’ல இது வேற மாதிரி, உயிர் முன்னாடி வந்து ‘எ’ பக்கம் போகும். ‘வந்தான்’ல ஆ ஆவாவே இருந்து மூக்கேறும்.

வாங்கினு: ங், க ரெண்டும் பின்நாக்கு, க அதிருது, பின்னாடி இகரம் வர்றதால கொஞ்சம் முன்னாடி நகருது. ‘வாங்கிக்கொண்டு’ தேய்ஞ்சு இந்த வடிவத்துக்கு வந்திருக்கு. அதை ஒலிக்குறி வரியில ‘திருத்தி’ நீட்டக் கூடாது. நீட்டின வடிவம் வேணும்னா அதுக்குத் தனி அடுக்கு, அதாவது அதே ஒலிக்குக் கீழ இன்னொரு வரி.

வரேன்: கடைசியில ஏ மூக்குயிர். ன் இல்ல. அடுத்த சொல் உயிர்ல தொடங்கினா ன் திரும்ப முளைக்கும், ‘வரேன் இரு’ன்னு சொல்லிப் பாருங்க. அதனால சொல்லைத் தனியா எடுத்து எழுதாதீங்க, பக்கத்துச் சொல்லோட சேர்த்துக் கேளுங்க.

புலவர் மாணிக்கம்

ழகரத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பிறப்பியலில் தொல்காப்பியர் ‘நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்’ என்கிறார். ற, ன இரண்டுக்கும் அதே நுனிநா அணர்தலைச் சொல்லி, அங்கே ‘ஒற்ற’ என்கிறார். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. நா மேலே வளைவது பொதுவாக இருக்க, அண்ணத்தோடு அது என்ன செய்கிறது என்பதைத் தனியே பிரித்திருக்கிறார். ஒலிக்குறி எழுதுபவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே: எந்த உறுப்பு, எந்த இடம், எவ்விதத் தொடுதல்.

மடங்குநா

ஐயா சொன்னது முக்கியம், ஒரு வேறுபாட்டையும் சேர்க்கிறேன். இன்றைய ழகரத்தில் நா அண்ணத்தைத் தொடுவதில்லை. நெருங்கி நிற்கிறது, காற்று உரசாமல் போகிறது. அதனால் ஐபிஏ-வில் அது நெருங்கொலி வரிசையில் உட்காருகிறது. இன்று நாம் வருடொலி என்று பெயரிடுவது, ஒருமுறை தட்டி இறங்கும் ‘வீடு’வின் ட-வை. நூற்பாவின் ‘வருட’ என்ற சொல்லையும் இந்தப் பெயரையும் ஒன்றெனக் கொண்டு ழ-வுக்கு வருடொலிக் குறி போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ட-வைப் பற்றி இன்னொன்று. பீட்டர் லேடிஃபோகெடும் பேரி பாஸ்கரராவும் எக்ஸ்ரே படம் எடுத்து 1983-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தி பேசுவோர் நா நுனியால் முன்பக்கமாகத் தொடுவதையும், தமிழ், தெலுங்கு பேசுவோர் நுனியின் அடிப்பரப்பால் வல்லண்ணத்தைத் தொடுவதையும் காட்டினார்கள். எழுதும் குறி ஒன்றுதான். வாயில் நடப்பது ஒன்றல்ல.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் சார்க்கோல் பொடியையும் சமையல் எண்ணெயையும் சம அளவு குழைத்து, சுத்தமான தூரிகையால் நாவில் பூசுங்கள். நாக்கு வேலை செய்யும் மெய் ஒன்றே ஒன்று உள்ள சொல்லாக ஒருமுறை மட்டும் சொல்ல வேண்டும்: ‘பாட்டு’. ப உதட்டொலி, இடைஞ்சல் இல்லை. உடனே வாயைத் திறந்து, சிறு கண்ணாடியை உள்ளே காட்டி, அண்ணத்தில் கறை எங்கே ஒட்டியிருக்கிறது என்று படம் எடுங்கள். பலர் நாவின் மேற்பரப்பில் மட்டும் பூசிவிட்டு, கறையே விழவில்லை என்று திகைப்பார்கள். நம் ட-வுக்கு அடிப்பரப்பு தொடுவதால் நுனியின் கீழேயும் பூச வேண்டும். அடுப்புக்கரி கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அந்தப் பொடி மருந்தை உறிஞ்சிவிடும். முடிந்ததும் விழுங்காமல் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

அல்லிக்கேணி

சென்னையில ழ இல்லவே இல்ல, எல்லாம் ள தான்னு எழுதிட்டா வேலை சுலபமா முடியுமே?

செவிச்செல்வன்

அப்படி எழுதக் கூடாதுங்க. பதிவுல கேக்கறது மூணு. படிச்சு நிதானமா பேசறப்ப ழ வரும். பொதுவா ள. பழைய சென்னைப் பேச்சுல ய: வாழைப்பழம் ‘வாயப்பயம்’. ‘இழுத்து’ மாதிரி சொல் ‘இஸ்து’ன்னே போயிடுது. ஒரே ஆள் ஒரே நிமிஷத்துல ரெண்டு விதமாவும் சொல்லுவார். முன்கூட்டியே ள-ன்னு முடிவு கட்டினா, யார் எங்க எதைச் சொன்னாங்கங்கற தகவலே அழிஞ்சுபோகும்.

பிரிச்சுக் கேக்க ஒரு வழி. காதுல விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லி, நாக்கை அந்த இடத்துலயே நிறுத்தி, மூச்சை உள்ள இழுங்க. ரெண்டு பக்கக் கன்னத்தோரம் குளிர்ந்தா மருங்கொலி, அது ள. நாக்குக்கு மேல நடுவுல குளிர்ந்தா ழ.

பதிவறை

கண்ணால பார்க்கவும் வழி இருக்கு. பிராட் மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கினது, இலவசம். கோப்பைத் திறந்து, ஒலிக்கு நேர் கீழ எழுத்தை அடுக்கடுக்கா வைக்கற டெக்ஸ்ட்கிரிட் உருவாக்குங்க, நாலு அடுக்கு: ஒலி, சொல், வழக்கமான தமிழ் எழுத்து, சந்தேகம். அந்த நாலாவது அடுக்கை யாரும் போடறதில்ல, ஆனா வேலையைக் காப்பாத்தறது அதுதான்.

ஒலியோட ஆற்றல் எந்த அதிர்வெண்ல எப்போ இருக்குன்னு காட்டற படம் ஸ்பெக்ட்ரோகிராம்; அதோட சாளர நீளம் 0.005 நொடி, காட்சி 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். ‘ஸ்’ பார்க்கணும்னா 10,000-க்கு ஏத்துங்க. ஃபார்மன்ட்ங்கறது அதுல கறுப்புப் பட்டையா தெரியற, வாயோட ஒத்ததிர்வு; கீழேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவாங்க. அதோட உச்சவரம்பு ஆணுக்கு 5,000, பெண்ணுக்கு 5,500. உங்க ஆட்டோ அம்மாவுக்கு 5,000 வச்சா கோடுகள் இல்லாத இடத்துல புள்ளி வச்சு ஏமாத்தும்.

இப்போ ‘பழம்’. ழ-ன்னா மூணாவது ஃபார்மன்ட் கீழ இறங்கி வந்து ரெண்டாவதைத் தொடப் பார்க்கும். ய-ன்னா ரெண்டாவது மேல ஏறி மூணாவதைத் தேடிப் போகும். ரெண்டுலயும் கோடுகள் நெருங்கித்தான் இருக்கும், அதனால எது நகர்ந்ததுன்னு பாருங்க. ள-ல மூணாவது ழ அளவுக்கு இறங்காது, ஆற்றல் சட்டுனு குறைஞ்சு பக்கத்து உயிர்கள்லேர்ந்து வெட்டினாப்ல தெரியும்.

நாமடி மெய்க்கு அடையாளத்தை அதுக்கு முன்னாடி இருக்கற உயிர்ல தேடுங்க. நாக்கு முதல்லயே மடங்கிடும், விடுபடறப்ப முன்னாடி வந்துடும். அதனால ‘பாட்டு’வுல ஆ-வோட வால்ல மூணாவது ஃபார்மன்ட் சரியும், உகரத்துல அவ்வளவு தெரியாது. மெய்யை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டா த-வா ட-வான்னு தடுமாறுவீங்க. முன் உயிரோட சேர்த்து வெட்டுங்க.

கடைசி ‘ம்’முக்கும் இதே திரைதான். உண்மையான ம் இருந்தா உயிர் முடியற இடத்துல ஆற்றல் படிக்கட்டு மாதிரி விழுந்து, அடியில 300 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் கறுப்பா ஓடும். படிக்கட்டு இல்லாம உயிர் அப்படியே மங்கினா மூக்குயிர்.

மடங்குநா

உயிர்களில் இரண்டு விதி தெரிந்திருந்தால் பாதிச் சண்டை ஓயும். அடுத்த அசையில் அ அல்லது ஐ இருந்து, நடுவில் ஒற்றை மெய் நின்றால் இ, எ ஆகிறது. உ, ஒ ஆகிறது: இலை ‘எல’, இடம் ‘எடம்’, குடை ‘கொட’. மற்றொன்று: முன்னே உதட்டொலி, பின்னே நாமடி இருந்தால் நடுவில் உள்ள இ, எ போன்ற உயிர், உதடு குவிந்த உயிராகிறது. பெண் ‘பொண்ணு’, பிள்ளை ‘புள்ள’, பிடி ‘புடி’, வீடு ‘வூடு’. உதடும் நாமடியும் இருபுறமும் இழுப்பதால் நடப்பது இது. ‘பேச்சு’ அப்படி ஆகாது, அங்கே நாமடி இல்லை. இதைக் கொச்சை என்று ஒதுக்கி ‘வீடு’ என்று திருத்தி எழுதினால் அழகான ஒரு விதி கோப்பிலிருந்து காணாமல் போய்விடும்.

சொல் முதலில் வரும் எ, ஒ இரண்டுக்கும் முன்னே மெல்லிய ய், வ் கேட்கும்: ‘யெல’, ‘வொடம்பு’. கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

ராயபுரம் தேவி

மூணாவது கேள்விக்கு மட்டும் இன்னும் விடை பாக்கி. ரெண்டு பேரும் திரையைப் பார்த்த பிறகும் ஒத்துப்போகலைன்னா?

செவிச்செல்வன்

முதல்ல, எழுதி முடிக்கற வரைக்கும் ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்கவே கூடாது. பார்த்துட்டா காது அவங்க பக்கம் சாஞ்சுடும். கால்நொடி, அரைநொடித் துண்டா வெட்டி, சுழற்சியில போட்டு அஞ்சாறு தடவைக்கு மேல கேக்காதீங்க. அதுக்கு மேல கேட்டா மனசு எதை எதிர்பார்க்குதோ அதுதான் கேக்கும். கேட்ட உடனே வாயால சொல்லிப் பார்த்து, நாக்கு எங்க போச்சுன்னு கவனிச்சு எழுதுங்க. ஒரு நிமிஷப் பேச்சுக்குப் பரந்த எழுத்துன்னா ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, நுண் எழுத்துன்னா ஒரு பகல் போயிடும். ஒரே மூச்சுல ஒரு மணி நேரத்துக்கு மேல கேக்க வேணாம், காது களைச்சா எல்லா ள-வும் ல ஆயிடும்.

ரெண்டு எழுத்தையும் பக்கத்துல வச்சு, ஒத்துப்போகாத ஒலியை மட்டும் எண்ணுங்க. ‘எவ்வளவு தப்பு’ங்கறதை விட ‘எந்த ஒலியில தப்பு’ங்கறதுதான் வேணும். எல்லாம் ழ-ள-வுல குவிஞ்சிருந்தா அந்த ஒண்ணுக்கு விதி எழுதி ஒட்டுங்க. எல்லா இடத்துலயும் சிதறியிருந்தா பதிவுதான் மோசம். ஒரு வாரம் கழிச்சு 10 துணுக்கை நீங்களே புதுசா எழுதி உங்க பழைய எழுத்தோட ஒப்பிடுங்க. உங்களோட நீங்களே ஒத்துப்போகாத ஒலியில தோழியோட சண்டை போட்டுப் பயனில்ல. அப்புறமும் தீராததை ரெண்டு வடிவமும் எழுதி சந்தேக அடுக்குல போடுங்க. உறழ்ச்சியா, அதாவது பொருள் மாறாம ரெண்டு விதமாவும் வர்ற ஒலி சிலது உண்மையிலேயே ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கும்.

ராயபுரம் தேவி

அந்த வரியை பிராட்டில் திறந்து பார்த்தேன் சார். ‘பழம்’ல மூணாவது ஃபார்மன்ட் பெருசா இறங்கலை, நடுவுல ஆற்றல் வெட்டினாப்ல குறையுது. அதனால ள. கடைசியில படிக்கட்டு இல்ல, மூக்குயிர்தான். ஆனா ‘நிறுத்துப்பா’வுல ர-வையே காணோம். இகரம், உடனே நீண்ட மௌனம். நான் ‘நிறு’ன்னு தெளிவாக் கேட்டதா நினைச்சேன்.

பதிவறை

ர ஒரே தட்டுதான், 20, 30 மில்லிநொடி. முழுத்திரையில 5 நொடி தெரியுற அளவுல வச்சிருந்தா கண்ணுக்குச் சிக்காது. இகரத்தோட கடைசி 100 மில்லிநொடியைப் பெருசாக்குங்க. நடுவுல மெல்லிசா ஒரு வெளிறின கீற்று இருந்தா தட்டு நடந்திருக்கு, ‘நிர்த்து’. கீற்றே இல்லாம இகரம் நேரா அடைப்புல முட்டினா ‘நித்து’.

ராயபுரம் தேவி

கீற்று இல்ல. இகரம் நேரா போய் முட்டுது.

செவிச்செல்வன்

அப்போ ‘நித்துப்பா’ன்னே எழுதுங்க, சதுர அடைப்புல. ‘நிறுத்துப்பா’ தமிழ் எழுத்து அடுக்குல இருக்கட்டும். மீதி 39 துணுக்குலயும் ‘ற’ வர்ற சொல்லை மட்டும் முதல்ல தேடி எடுத்து, இதே மாதிரி 100 மில்லிநொடிக்குப் பெருசாக்கிப் பாருங்க. எங்கெல்லாம் தட்டு விழுந்து போயிருக்கோ அதுக்கு அடுத்த மெய் என்னன்னு பக்கத்துல குறிச்சு வைங்க. அடுத்து ‘த்த’ இருக்கறப்ப மட்டும் போகுதா, எல்லா இடத்துலயும் போகுதான்னு தெரியணும்.